இரண்டோடு மூன்றாவது மருந்து: முற்றிய புரோஸ்டேட் புற்றுநோயில் கூட்டுச் சிகிச்சையை எப்படிச் சோதிக்கிறார்கள்?

சிப்புட்_வாசகசாலை (வெள்ளி, இரவு 8.40)

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ஓய்வு பெற்ற பெரியவர்கள் சிலருக்கு எலும்பு வரை பரவிய புரோஸ்டேட் புற்றுநோய் இருக்கிறது. பெரிய மருத்துவமனையில் "ஆய்வில் சேர விருப்பமா?" என்று கேட்டு, பத்துப் பதினைந்து பக்கத் தகவல் தாளைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். ஹார்மோன் ஊசி, அதோடு மாத்திரை, அதற்கும் மேல் புதிதாக இன்னொன்று என்று தாளில் இருக்கிறது. வாசகசாலைக்குக் கொண்டு வந்து அர்த்தம் கேட்கிறார்கள்.

ஒரே நேரத்தில் மூன்று மருந்து கொடுத்தால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? வெற்று மாத்திரை (மருந்தே இல்லாத, பார்க்க அதே போன்ற மாத்திரை) விழுந்தவருக்கு நஷ்டமா? வீட்டில் இருப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்? விஷயம் தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கள். அச்சடித்துச் சுவரில் ஒட்டப் போகிறோம்.

நீர்வழி_டாக்டர் (வெள்ளி, இரவு 10.05)

அடித்தளத்திலிருந்து வருகிறேன். ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்தப் புற்று சுருங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார். 1966இல் நோபல் பரிசு பெற்றார். இன்று வரும் எந்தக் கூட்டுச் சிகிச்சையும் அந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது. தாளில் வரும் ஹார்மோன் ஊசி கோசெரெலின் என்றால் 10.8 மி.கி., 12 வாரத்துக்கு ஒரு முறை, வயிற்றுத் தோலுக்கு அடியில். டெகாரெலிக்ஸ் என்றால் முதல் நாள் 240 மி.கி., பிறகு மாதம் 80. கோசெரெலின் வகை ஊசி முதல் ஓரிரு வாரம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை ஏற்றிவிட்டுத்தான் இறக்கும். முதுகெலும்பில் கட்டி உள்ளவருக்கு அந்த ஏற்றம் தண்டுவடத்தை நெருக்கிக் காலைச் செயலிழக்க வைக்கலாம். அதனால்தான் தொடக்கத்தில் அந்த ஹார்மோன் வேலை செய்வதைத் தடுக்கும் பைகலுட்டமைட் மாத்திரை 50 மி.கி. சில வாரங்களுக்குத் துணையாகப் போகிறது. "அந்த மாத்திரையை ஏன் நிறுத்திவிட்டார்கள்?" என்று பயப்பட வேண்டாம், அதன் வேலை முடிந்துவிட்டது.

மேல் மாடிகள் ஒவ்வொன்றாக ஏறின. 2015இல் சார்ட்டட் சோதனை: 790 பேர், ஊசி மட்டும் ஒரு பக்கம், ஊசியோடு டோசெடாக்செல் என்ற கீமோ மருந்து ஆறு சுற்று இன்னொரு பக்கம். இடைநிலை வாழ்நாள் (பாதிப் பேர் உயிரோடு தாண்டிய காலம்) 44 மாதத்திலிருந்து 57.6 மாதமாக உயர்ந்தது. 2017இல் லாட்டிடியூட்: 1,199 பேர், ஊசியோடு, ஆண் ஹார்மோன் உருவாவதையே தடுக்கும் அபிராடெரோன் மாத்திரை 1,000 மி.கி., பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு 5 மி.கி.; இறப்பு அபாயம் 38 விழுக்காடு குறைந்தது. 2019இல் ஆண் ஹார்மோன் வேலை செய்வதைத் தடுக்கும் அபலுட்டமைடும் என்சலுட்டமைடும் அதே இடத்துக்கு வந்தன. 2022இல் அராசென்ஸ்: 1,306 பேர், ஊசி, டோசெடாக்செல் இரண்டோடு அதே வகையைச் சேர்ந்த டரோலுட்டமைட் 600 மி.கி. நாளைக்கு இரண்டு வேளை. இறப்பு அபாயம் மேலும் சுமார் 32 விழுக்காடு இறங்கியது.

இதில் வாசகசாலை கவனிக்க வேண்டியது ஒன்று. ஒவ்வொரு வெற்றியும் அடுத்த சோதனையின் ஒப்பீட்டுக் குழுவை (புதிய மருந்து இல்லாமல், ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் குழு) மாற்றிவிடுகிறது. அபிராடெரோனைச் சோதித்த பீஸ்-1, ஊசி மட்டும் என்ற ஒப்பீட்டோடு தொடங்கியது. 2015இல் டோசெடாக்செல் நல்லது என்று தெரிந்ததும் அதை அனுமதித்தார்கள், 2017இல் கட்டாயமாக்கினார்கள். ஆகவே தகவல் தாளை வாங்கியதும் முதலில் "ஒப்பீட்டுக் குழு" என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே ஹார்மோன் ஊசி மட்டும் என்று எழுதியிருந்து, நோயாளிக்கு உடம்பு தாங்கும் என்றால், ஏன் இன்றைய சிகிச்சை அந்தக் குழுவுக்கு இல்லை என்று கேட்பது உங்கள் உரிமை.

எண்ணும்_எழுத்தும் (வெள்ளி, இரவு 11.31)

டாக்டர் சொன்னதில் ஒரு திருத்தம் வேண்டும். அராசென்ஸ் வெற்றிதான். ஆனால் அதன் இரண்டு குழுவுமே டோசெடாக்செல் வாங்கின. அதனால் டரோலுட்டமைட் சேர்த்தால் நல்லது என்று மட்டுமே அது சொல்கிறது. டரோலுட்டமைட் இருக்கும்போது டோசெடாக்செல் இன்னும் தேவையா என்ற கேள்விக்கு அதில் பதிலே இல்லை. எது மாறியதோ அதைப் பற்றி மட்டும்தான் ஒரு சோதனை பேசும். முதல் கேள்விக்கு இதுவே பதில்: இரண்டு குழுவுக்கும் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும், ஒன்றே ஒன்று மட்டும் வேறாக இருக்க வேண்டும்.

இந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு அசென்ட்-2. டோசெடாக்செலோடு அதிக அளவு கால்சிட்ரியால் (வைட்டமின் டியின் செயல்வடிவம்) சேர்த்தார்கள். ஆனால் கால்சிட்ரியால் குழுவுக்கு டோசெடாக்செல் வாராவாரம், ஒப்பீட்டுக் குழுவுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை. 953 பேர். சேர்த்த குழுவில் இடைநிலை வாழ்நாள் 17.8 மாதம், ஒப்பீட்டுக் குழுவில் 20.2. கெடுத்தது கால்சிட்ரியாலா, வாராந்தர முறையா? இரண்டையும் ஒன்றாக மாற்றிவிட்டதால் பிரித்துச் சொல்ல வழியில்லை. அத்தனை பேர் உடம்பைக் கொடுத்தும் கேள்வி கேள்வியாகவே நின்றது என்பதுதான் மனத்தை உறுத்துகிறது.

ஒரே சோதனையில் இரண்டு மருந்தைப் பிரித்தறியவும் வழி உண்டு. நான்கு கட்டம் போடுங்கள்: அடிப்படை மட்டும், அடிப்படை + அ, அடிப்படை + ஆ, அடிப்படை + அ + ஆ. பீஸ்-1 இப்படித்தான் அபிராடெரோனையும் கதிர்வீச்சையும் சேர்த்துப் பார்த்தது. ஆனால் இரண்டும் சேரும்போது ஒன்றையொன்று தூக்குகிறதா, தள்ளுகிறதா என்று உறுதியாக அறிய ஏறத்தாழ நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். அதனால் அந்தக் கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் அரைகுறைப் பதில்தான் கிடைக்கும்.

ஆள் கணக்கு எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். கணக்கில் வருவது சேர்ந்தவர்கள் எண்ணிக்கை அல்ல, நிகழ்ந்த இறப்புகளின் எண்ணிக்கை. அபாயம் கால்பங்கு குறைகிறதா என்று 80 விழுக்காட்டு உறுதியோடு பார்க்கச் சுமார் 380 இறப்புகள் பதிவாக வேண்டும். மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று எதிர்பார்த்தால் சுமார் 190 போதும். சின்ன நன்மையைக் கண்டுபிடிக்கத்தான் பெரிய சோதனை வேண்டியிருக்கிறது. ஆயிரம் பேர், ஐந்து வருடம் என்று தாளில் இருப்பது இதனால்தான்.

செம்பனைக்காடு (சனி, காலை 7.15)

அண்ணே, அபிராடெரோனும் நல்லது, என்சலுட்டமைடும் நல்லது என்றால் இரண்டையும் ஒன்றாகக் கொடுத்துவிட வேண்டியதுதானே? இதற்கு எதற்கு ஐந்து வருடச் சோதனை? இங்கே பலரும் இதைத்தான் கேட்கிறார்கள்.

எண்ணும்_எழுத்தும் (சனி, காலை 7.52)

செய்து பார்த்துவிட்டார்கள் தம்பி. அமெரிக்காவில் 1,311 பேரிடம்: என்சலுட்டமைட் மட்டும், அல்லது அதோடு அபிராடெரோன். வாழ்நாள் 32.7 மாதம், 34.2 மாதம். வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடிய அளவு. பக்கவிளைவு மட்டும் நிச்சயமாகக் கூடியது. ரத்தத்தில் பார்த்தபோது, என்சலுட்டமைட் ஈரலைத் தூண்டி அபிராடெரோனை இரண்டு மடங்குக்கும் மேல் வேகமாக வெளியேற்றியிருந்தது. பிரிட்டனின் ஸ்டாம்பீட் சோதனையும் அதே முடிவுக்குத்தான் வந்தது.

இதைவிட மோசம் மெயின்செயில் என்ற சோதனை. டோசெடாக்செலோடு, ரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் லெனலிடோமைட் சேர்த்த குழுவில் இறப்பு கூடியது, 2011இல் நிறுத்தினார்கள். ரத்த அணுக்கள் விழுந்ததால் அந்தக் குழு வாங்கிய டோசெடாக்செல் சுற்று இடைநிலையில் 6, மற்றவர்கள் 8. புதிதாக வந்த மருந்து, ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இந்த இழையில் ஒரு வரி மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் அதை வையுங்கள்.

மருந்துமேசை (சனி, காலை 11.20)

மருந்தாளர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், நீளமாகத்தான் வரும்.

கூட்டு மருந்தின் அளவை யாரும் "இதில் பாதி, அதில் பாதி" என்று வைப்பதில்லை. பழைய முறையில் முதலில் மூன்று பேருக்கு ஓர் அளவு. முதல் 21 அல்லது 28 நாளில் யாருக்கும் தாங்க முடியாத விளைவு இல்லையென்றால் அடுத்த அளவுக்குப் போவார்கள். ஒருவருக்கு வந்தால் அதே அளவில் இன்னும் மூன்று பேர். இருவருக்கு வந்தால் அந்த அளவு முடிந்தது, ஒரு படி கீழே இறங்க வேண்டும். டலாப்ரோ-2 சோதனையில் இதன் பலன் கண்ணுக்குத் தெரிந்தது. தலசோபரிப், புற்றணு தன் மரபணுப் பழுதைச் சரிசெய்வதைத் தடுக்கும் மருந்து; தனியாக என்றால் 1 மி.கி. என்சலுட்டமைடோடு சேர்த்தபோது அது உடம்பில் தேங்கியது, ஏனென்றால் அதை வெளியே தள்ளும் பம்பை என்சலுட்டமைட் தடுக்கிறது. அளவை 0.5 மி.கி. ஆக்கினார்கள். அப்படியும் கூட்டுக் குழுவில் 46 விழுக்காட்டினருக்குக் கடுமையான ரத்தசோகை. மாதாமாதம், சில நேரம் அதைவிட அடிக்கடி ரத்தம் எடுப்பது இதற்காகத்தான்.

இனி வீட்டு மேசை. அபிராடெரோன் 250 மி.கி. மாத்திரை நான்கு, வெறும் வயிற்றில். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், விழுங்கியபின் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. கொழுப்புச் சாப்பாட்டோடு விழுங்கினால் உடம்பில் சேரும் மொத்த அளவு பத்து மடங்கு வரை ஏறும். காலையில் ரொட்டி சானாய், பருப்புக் கறி, தே தாரிக், அதோடு நான்கு மாத்திரை என்றால் அது 1,000 மி.கி. சிகிச்சையே அல்ல. நாளைக்கு வெறும் வயிறு, நாளன்றைக்கு நாசி லெமாக் என்று மாறினால் அளவு ஊஞ்சல் ஆடும். அந்த நோயாளியின் பொட்டாசியம் ஏன் விழுந்தது என்று ஆய்வுக் குழு தலையைப் பிய்த்துக்கொள்ளும். எளிய வழி: விடியற்காலை எழுந்ததும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பசியாறுவது.

குறைந்த கொழுப்புச் சாப்பாட்டோடு 250 மி.கி. மட்டும் கொடுத்தாலும் பிஎஸ்ஏ (புரோஸ்டேட் புற்று ஏறுவதையும் இறங்குவதையும் காட்டும் ரத்தச் சோதனை எண்) அதே அளவு இறங்குகிறது என்று 2018இல் 72 பேரிடம் செய்த சோதனை காட்டியது. சொந்தக் காசில் வாங்குகிறவர்களுக்கு மாதச் செலவில் பெரிய வித்தியாசம் வரும் விஷயம், மருத்துவரிடம் பேசலாம். ஆனால் ஆய்வில் சேர்ந்தவர் இதைத் தானாகச் செய்யக் கூடாது. டரோலுட்டமைட் நேர் எதிர், அதைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளும் வீடுகள் அதிகம், ஆகவே டப்பாவின் மேல் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

அபிராடெரோனோடு வரும் பிரெட்னிசோலோனை (பிரெட்னிசோன் போன்றதே) "ஸ்டீராய்டு, வேண்டாம்" என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசோலின் பாதையையும் அபிராடெரோன் அடைத்துவிடும். பிரெட்னிசோலோன் அதை ஈடுகட்டாவிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், கால் வீங்கும். ஈரல் சோதனை முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. ஏஎல்டி என்ற ஈரல் நொதி மேல் எல்லையைப் போல் ஐந்து மடங்கு தாண்டினால் நிறுத்தம்.

அப்புறம் தம்புன் பம்ளிமாஸ். ஈப்போ போய்வரும் வழியில் வாங்காத வீடு கிடையாது, வலையில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். தலசோபரிப் வகையைச் சேர்ந்த ஒலபரிப் போன்ற மருந்தை உடைக்கும் குடல் நொதியைக் கிரேப்புரூட் தடுக்கும் என்று தகவல் தாளில் இருக்கிறது. நம்மவர்கள் "அது வெள்ளைக்காரன் பழம், நமக்கில்லை" என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். பம்ளிமாஸ் அதே குடும்பம், அதே வேதிப்பொருள் அதிலும் உண்டு. தாளைத் தமிழாக்குகிறவர்கள் கிரேப்புரூட்டுக்குப் பக்கத்தில் பம்ளிமாஸின் மலாய்ப் பெயரான "லிமாவ் பாலி" என்பதையும் சேர்க்க வேண்டும்.

தொங்காட் அலி வேர் கலந்த கோப்பி, பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் "ஆண்மை" பாக்கெட், பெயர் தெரியாத லேகியம் எல்லாவற்றையும் முதல் நாளே மேசையில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். திட்டுவதற்காகக் கேட்பதில்லை. ஹார்மோனை இறக்கும் சோதனையில் ஹார்மோனை ஏற்றுவதாக விற்கும் பொருள் கூடவே ஓடினால் முடிவையே நம்ப முடியாது.

கடைசியாக மாத்திரை எண்ணிக்கை. அபிராடெரோன் பாட்டிலில் 120. 28 நாள் சுற்றுக்கு 112 போகும், மிச்சம் 8 திரும்பி வர வேண்டும். 20 வந்தால் மூன்று நாள் விழுங்கவில்லை. பாட்டில் காலியாக வந்தால் அதுவும் கவலைதான்: கூடுதலாக விழுங்கினாரா, வீட்டில் வேறு யாராவது எடுத்தார்களா? காலிப் பாட்டிலைக் குப்பையில் போடாமல் கொண்டு வாருங்கள். கர்ப்பமாக இருக்கும் மகளோ மருமகளோ இந்த மாத்திரையைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

மிஸ்ஸி_பகல்ஷிப்ட் (சனி, மதியம் 2.45)

மருந்துமேசை சார் சொன்னதோடு சேர்த்து, தாதிகள் பக்கத்து விஷயம்.

டோசெடாக்செல் அளவு உடல் பரப்பைக் கொண்டு வரும்: ஒரு சதுர மீட்டருக்கு 75 மி.கி. உயரம் 165 செ.மீ., எடை 62 கிலோ என்றால் பரப்பு சுமார் 1.69, மருந்து சுமார் 126 மி.கி. அதனால்தான் ஒவ்வொரு சுற்றிலும் செருப்பைக் கழற்றி எடை பார்க்கிறோம். கால் வீங்கி நான்கு கிலோ ஏறியிருந்தால் அது சதை இல்லை, தண்ணீர். அதைச் சொல்லாமல் அளவைக் கூட்டிவிடக் கூடாது. டெக்ஸாமெத்தசோன் 8 மி.கி. மருந்து ஏறுவதற்கு 12, 3, 1 மணி நேரம் முன்னால். முதல் வேளை முந்தின இரவு வீட்டில் விழுங்க வேண்டியது. சுங்கை சிப்புட்டிலிருந்து காலை இரயிலேறி வருகிறவர் அதை மறந்துவிட்டால் அன்று மருந்தேற்ற ஒதுக்கிய நாற்காலி வீணாகலாம். இரவு 9 மணிக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் 1.5க்குக் கீழே இருந்தால் மருந்து ஏறாது, தள்ளித்தான் போகும்.

காய்ச்சல். மருந்து ஏறி ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளணு அடிமட்டத்துக்குப் போகும். 38.3 டிகிரி செல்சியஸ் ஒரு தடவை காட்டினாலோ, 38 ஒரு மணி நேரம் நின்றாலோ அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வெப்பம் பார்க்கும் முன் பனடால் (பாரசிட்டமால்) கொடுத்துவிட்டால் எண் இறங்கிவிடும், கிருமி இறங்காது. பிரெட்னிசோலோனும் காய்ச்சலை மறைக்கும், ஆகவே காய்ச்சலே இல்லாமல் குளிர் நடுக்கம் வந்தாலும் கிளம்புங்கள். ஆய்வு அட்டையைக் கழுத்தில் தொங்கவிடாவிட்டாலும் அடையாள அட்டைக்குப் பின்னால் சொருகி வையுங்கள். இரவில் மாவட்ட மருத்துவமனை முகப்பில் "கீமோ போட்டு எட்டாவது நாள், காய்ச்சல்" என்று சொன்னால் போதும், முதல் வாக்கியமே அதுவாக இருக்கட்டும்.

சர்க்கரை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம் சமூகத்தில் அதைவிடக் கூடுதல். பிரெட்னிசோலோன் காலையில் விழுங்கினால் மதியத்துக்குப் பிறகுதான் சர்க்கரை ஏறும். காலை வெறும் வயிற்றில் குத்திப் பார்த்து 6.2 மில்லிமோல் என்று நிம்மதியாக இருப்பார்கள், மாலை நான்கு மணிக்குப் பார்த்தால் 15 இருக்கும். மதியச் சோறு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

மருந்துமேசை (சனி, மதியம் 3.10)

மிஸ்ஸி சொன்னதற்கு ஒரு பின்குறிப்பு. கிளினிக் கெசிஹாத்தானில் (அரசுச் சுகாதார நிலையத்தில்) வாங்கும் மாத்திரைகளின் பட்டியல் ஆய்வுக் குழுவுக்குப் போய்ச் சேர்வதே இல்லை. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுப்பவருக்கு என்சலுட்டமைட் தொடங்கினால் அம்லோடிபின் சீக்கிரம் உடைந்துபோகும், என்சலுட்டமைட் தன் பங்குக்கு அழுத்தத்தை ஏற்றும். இரண்டு பக்கமும் அடி. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு ஐஎன்ஆர் (உறையும் வேகத்தைக் காட்டும் எண்) மாறும். டரோலுட்டமைட், கொழுப்புக்கு எடுக்கும் ரோசுவாஸ்டாட்டினை ஐந்து மடங்கு வரை ஏற்றும். சர்க்கரை மாத்திரையான பையோகிளிட்டசோனோடு அபிராடெரோன் சேர்ந்து சர்க்கரை தாழ்ந்த சம்பவங்கள் பதிவாகியுள்ளன. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் ஓடுகிறது என்றால் அபிராடெரோன் பாதிகூட நிற்காது. கிளினிக்கில் கொடுத்த நீலப் புத்தகமோ பச்சைப் புத்தகமோ, எது இருந்தாலும் முதல் சந்திப்புக்கு எடுத்துப் போங்கள்.

செம்பனைக்காடு (சனி, இரவு 9.00)

எலும்பு முறிவு பற்றி யாரும் சொல்லவில்லையே. "ரேடியம்" என்று ஒன்று வருகிறதாம், எலும்புக்கே போய் அடிக்குமாம். அதை மாத்திரையோடு சேர்த்தால் நல்லதுதானே?

நீர்வழி_டாக்டர் (சனி, இரவு 10.22)

அது எல்லோரும் படிக்க வேண்டிய பாடம். ஈரா 223 சோதனையில் 806 பேர்: அபிராடெரோன், பிரெட்னிசோன் இரண்டோடு ரேடியம்-223 (எலும்பில் போய்ச் சேரும் கதிரியக்க ஊசி) அல்லது வெற்று ஊசி. இரண்டும் தனித்தனியே நிரூபித்த மருந்துகள், வழிமுறையும் வேறு வேறு. காகிதத்தில் பார்த்தால் பொருத்தமான ஜோடி. யாருக்கு எது என்ற ரகசியத்தை 2017இல் பாதியிலேயே திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. ரேடியம் குழுவில் எலும்பு முறிவு 29 விழுக்காடு, மற்றதில் 11. முறிவுகளில் பல புற்று இல்லாத எலும்பில், ஹார்மோன் இழந்து மெலிந்த எலும்பில் வந்தவை.

இதைப் பார்த்த பிறகு, ரேடியத்தை என்சலுட்டமைடோடு சேர்த்த பீஸ்-3 சோதனையில் எலும்புக் காப்பு மருந்தைக் கட்டாயமாக்கினார்கள். முறிவு பெருமளவு குறைந்தது, 2024இல் அந்தக் கூட்டு நல்ல பலன் காட்டியது. ஒரு சோதனையில் அடிபட்டதால் அடுத்த சோதனையில் ஆட்கள் காப்பாற்றப்பட்டார்கள். ஆகவே ஆய்வில் சேரும் முன் கேளுங்கள்: எலும்பு அடர்த்தி பார்த்தீர்களா, எலும்புக் காப்பு ஊசியான சோலெட்ரோனிக் அமிலமோ டெனோசுமாபோ உண்டா, அதற்கு முன் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டுமா? கடைசிக் கேள்விக்குப் பதில் "ஆம்". ஆடும் பல்லை அந்த ஊசி தொடங்கிய பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

சிப்புட்_வாசகசாலை (ஞாயிறு, காலை 9.30)

அனைவருக்கும் நன்றி. வெற்று மாத்திரை பற்றிய கேள்வி இன்னும் நிற்கிறது. இங்கே வந்த ஒரு தாளில் "குலுக்கல் முறையில் தேர்வு" என்று தமிழில் இருந்தது. பெரியவர் "லாட்டரியா? எனக்கு நம்பர் விழாது" என்று தாளை மடித்து வைத்துவிட்டார்.

மிஸ்ஸி_பகல்ஷிப்ட் (ஞாயிறு, காலை 11.04)

"குலுக்கல்" தப்பான சொல். குலுக்கல் என்றாலே பரிசு, பரிசு என்றாலே மற்றவர் தோற்றார் என்று அர்த்தமாகிவிடுகிறது. "எந்தக் குழு என்பதை டாக்டரும் நீங்களும் தேர்ந்தெடுக்க முடியாது, கணினி சமமான வாய்ப்போடு ஒதுக்கும்" என்று முழு வாக்கியமாக எழுத வேண்டும். வெற்று மாத்திரைக்கும் அப்படித்தான். அந்தக் குழுவுக்கும் ஊசி, அபிராடெரோன் போன்ற இன்றைய சிகிச்சை முழுவதும் கிடைக்கும், புதிய மருந்தின் இடத்தில் மட்டும் வெற்று மாத்திரை. சிகிச்சையே இல்லாத குழு என்று நினைக்கக் கூடாது. புதிய மருந்து நன்மை தருமா, மெயின்செயில் போலத் தீங்கு தருமா என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் சோதனையே தேவையில்லை.

படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். ஆனால் ஆய்வுக் குழுவைச் சேராத நடுநிலைச் சாட்சி ஒருவர் முழு விளக்கத்தையும் கூட இருந்து கேட்டுக் கையெழுத்திட வேண்டும். மகன் வெளியே கார் நிறுத்திக்கொண்டிருந்த நேரத்தில் நடந்த விளக்கம் செல்லாது. தமிழ்த் தாளும் நெறிமுறைக் குழு பார்த்து அனுமதித்ததாக இருக்க வேண்டும், பக்கத்தின் அடியில் பதிப்பு எண்ணும் தேதியும் அச்சாகியிருக்கும். ஆய்வு என்எம்ஆர்ஆரில் (தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவாகியிருக்கும், புதிய மருந்துக்கு என்பிஆர்ஏ (தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு) அனுமதி இருக்கும். அந்த எண்களைக் கேட்டால் எந்த நேர்மையான குழுவும் முகம் சுளிக்காது.

விலகுவதும் உரிமை. காரணம் சொல்ல வேண்டியதில்லை, வழக்கமான சிகிச்சை நிற்காது.

எண்ணும்_எழுத்தும் (ஞாயிறு, மதியம் 1.37)

விலகுவது பற்றி ஒரு வேண்டுகோள். மாத்திரையை நிறுத்தினாலும் தொலைபேசியில் "எப்படி இருக்கிறார்?" என்று கேட்க மட்டும் அனுமதி கொடுங்கள். ஒரு குழுவில் பக்கவிளைவு தாங்காதவர்கள் மட்டும் காணாமல் போய்விட்டால், மிச்சம் இருக்கும் கணக்கில் அந்த மருந்து உண்மையைவிட நல்லதாகத் தெரியும்.

செம்பனைக்காடு (ஞாயிறு, மாலை 5.20)

பிஎஸ்ஏ ஏறினால் உடனே மருந்தை மாற்ற வேண்டுமா? மூன்று மாதத்தில் ஏறிவிட்டது என்று ஒரு வீட்டில் பதறுகிறார்கள்.

நீர்வழி_டாக்டர் (ஞாயிறு, மாலை 6.48)

முதலில் டெஸ்டோஸ்டிரோனைப் பாருங்கள். 1.7 நானோமோலுக்கு மேல் இருந்தால் ஊசி தாமதமாகிவிட்டது அல்லது சரியாக இறங்கவில்லை, புதிய மருந்தைக் குறை சொல்ல முடியாது. தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஊசி மூன்று வாரம் தள்ளிப்போனால் இதுதான் நடக்கும்.

டெஸ்டோஸ்டிரோன் சரியாக இருந்தால் விதி இது: அடிமட்ட எண்ணிலிருந்து 25 விழுக்காடும், 2 நானோகிராமும் ஏற வேண்டும். குறைந்தது மூன்று வாரம் கழித்து இரண்டாவது சோதனை அதை உறுதி செய்ய வேண்டும். முதல் 12 வாரத்துக்குள் வரும் ஏற்றத்தை மட்டும் வைத்து நிறுத்துவதில்லை. மருந்து பிடிக்கும்போதே கொஞ்சம் ஏறி இறங்குவது உண்டு.

எலும்பு ஸ்கேனிலும் அதே சங்கடம். ஆறும் எலும்பு கூடுதலாக ஒளிரும், புதுப் புள்ளி போலத் தெரியும். அதனால் முதல் ஸ்கேனில் இரண்டு புதிய புள்ளி வந்தால் அதைக் குறித்து வைத்து, அடுத்த ஸ்கேனில் மேலும் இரண்டு வந்தால்தான் நோய் ஏறியதாக எழுதுவார்கள். நேர் மாறாக, பிஎஸ்ஏ இறங்கிக்கொண்டே இருக்க, முதுகுவலி கூடிக் கால் மரத்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே எம்ஆர்ஐக்குப் போக வேண்டும்.

மருந்துமேசை (ஞாயிறு, இரவு 8.15)

மரபணுச் சோதனை பற்றி யாரும் எழுதவில்லை, சுருக்கமாகச் சேர்க்கிறேன். ஒலபரிப், நிரபரிப் வகை மருந்தைச் சேர்க்கும் சோதனையில் பிஆர்சிஏ போன்ற, டிஎன்ஏவைச் சரிசெய்யும் மரபணுவில் பழுது உள்ளவருக்குத்தான் பெரிய பலன். நிரபரிப்பைச் சோதித்த மேக்னிட்யூட்டில் பழுது இல்லாத குழுவுக்குப் பலன் இல்லை என்று தெரிந்ததும் அந்தக் குழுவில் ஆள் சேர்ப்பதையே நிறுத்தினார்கள். ஒலபரிப்பைச் சோதித்த புரோபெல் எல்லோரையும் சேர்த்து நடந்தது, ஆனால் அமெரிக்காவில் 2023இல் பிஆர்சிஏ பழுது உள்ளவர்களுக்கு மட்டுமே அனுமதி கிடைத்தது. ஆகவே "திசுத் துண்டு வேண்டும்" என்று கேட்டால் பழைய பயாப்சித் திசு எந்த மருத்துவமனையில், எந்த வருடம் எடுத்தது என்று எழுதிக் கொடுங்கள். பல வருடம் பழையதானால் மரபணு சிதைந்து சோதனை தோற்கலாம், அப்போது ரத்தத்திலோ புதிய பயாப்சியிலோ பார்ப்பார்கள். பிறப்பிலேயே வந்த பழுது என்றால் பெண் பிள்ளைகளுக்கும் செய்தி போக வேண்டும், மார்பகப் புற்றுக்கு அதே மரபணுதான்.

சிப்புட்_வாசகசாலை (ஞாயிறு, இரவு 9.50)

சுவரில் ஒட்டும் தாள் தயார். மேலே "லிமாவ் பாலி வேண்டாம்", அதற்குக் கீழே காய்ச்சல் எண், அதற்குக் கீழே "அபிராடெரோன் மாத்திரைக்குப் பிறகு ஒரு மணி நேரம் சாப்பிடக் கூடாது". கீழ் ஓரத்தில் ஆய்வுத் தாதியின் தொலைபேசி எண் எழுத வெற்றுக் கட்டம் விட்டிருக்கிறோம். வேறு ஏதாவது விட்டுப் போயிருந்தால் நாளை காலை அச்சுக்குப் போகும் முன் சொல்லுங்கள்.

மிஸ்ஸி_பகல்ஷிப்ட் (ஞாயிறு, இரவு 10.02)

கட்டத்தை இரண்டாக்குங்கள் அண்ணே. பகல் எண் ஒன்று, இரவு எண் ஒன்று. டெக்ஸாமெத்தசோனுக்கு முந்தின இரவு 9 மணி என்பதையும் சேர்த்துவிடுங்கள்.